ஆர்.டி.ஓ.வா, ஆர்டிஓவா, கோட்டாட்சியரா? சுருக்கப் பெயர்களைத் தமிழ்ச் செய்தியில் எழுதும் வழிகள்

தாராபுரத்திலிருந்து இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'ஆர்.டி.ஓ. தலைமையில் பள்ளி வாகனங்கள் ஆய்வு'. தாராபுரத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் இருக்கிறார்; வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் இருக்கிறார். பள்ளி வாகன ஆய்வுக்கு இருவருமே வரக்கூடியவர்கள். ஆங்கிலத்தில் நடு எழுத்து இவருக்கு ஒன்று, அவருக்கு வேறொன்று. தமிழில் இரண்டும் 'டி'. தலைமை ஏற்றது யார் என்பதை இந்தத் தலைப்பை மட்டும் படிப்பவர் தெரிந்துகொள்ள வழியில்லை.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஊர்ச் செய்தித்தாள், தொழிற்சங்க மடல், கல்லூரி மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை என்று எதை அச்சுக்கோ இணையத்துக்கோ தயாரிப்பவரும் சுருக்கப் பெயரை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவெடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் ஒரே பக்கத்தில் 'ஜி.எஸ்.டி.', 'ஜிஎஸ்டி', 'ஜி.எஸ்.டி' என மூன்றும் நிற்கும். இருக்கும் வழிகளின் நிறைகுறை கீழே.

ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இது பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்சினை. லண்டன் கார்டியன், எழுத்தெழுத்தாகச் சொல்லும் பிபிசி போன்றவற்றை முழுக்கப் பெரிய எழுத்தில் போடும். நேட்டோ போல ஒரே சொல்லாகச் சொல்வதற்கு முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். நியூயார்க் டைம்ஸ், எழுத்தெழுத்தாகச் சொல்லும் எஃப்.பி.ஐ.க்குப் புள்ளி வைக்கும், நேட்டோவுக்கு வைக்காது, யுனிசெஃப் போல நான்கு எழுத்தைத் தாண்டிய சொல்லில் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். இரண்டு பத்திரிகைகளின் வழக்கத்துக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: வாய் அதை எழுத்தாகச் சொல்கிறதா, சொல்லாகச் சொல்கிறதா? தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஆனால் இந்தக் கேள்வி தமிழுக்கும் அப்படியே பொருந்தும். பதிலைக் காட்டும் கருவிதான் வேறு.

நடுவில் வரும் உயிரெழுத்து

புள்ளி வைப்பதா வேண்டாமா என்ற வாதத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிரெழுத்து தனியாக வராது. அளபெடை மட்டுமே விலக்கு. அதனால் 'பிஎஸ்என்எல்' என்று புள்ளியே இல்லாமல் எழுதினாலும், நடுவில் நிற்கும் 'எ'யைக் கண்டதும் இது சாதாரணச் சொல்லில்லை என்று கண் உணர்ந்துவிடும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து செய்யும் வேலையை இங்கே அந்த உயிரெழுத்து செய்கிறது. 'ஜிஎஸ்டி', 'ஏடிஎம்', 'டிஎம்சி', 'பிஏபி' எல்லாம் புள்ளியில்லாமல் பிழைப்பது இதனால்தான்.

எல்லாச் சுருக்கத்துக்கும் இந்தக் காவல் கிடையாது. ஆங்கில எழுத்துப் பெயர்கள் 26இல், தமிழில் எழுதும்போது உயிரில் தொடங்குபவை 14: ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ், ஒய், இசட். மற்ற 12 உயிர்மெய்யில் தொடங்குகின்றன. அந்தப் பன்னிரண்டிலிருந்து வரும் எழுத்துகளே இரண்டாம் இடத்திலிருந்து தொடர்ந்தால் புள்ளியில்லாத வடிவம் சறுக்கும். 'பிடி ஆசிரியர்' என்பதை யாரும் முதல் பார்வையில் 'பிடி' என்ற வினையாகத்தான் படிப்பார்கள். 'பிடி பருத்தி' ஒரு கைப்பிடிப் பருத்தியாகிவிடும். 'கேடி' வசைச்சொல். 'ஐடி', 'ஓபி', 'டிசி', 'எல்பிபி' எல்லாம் ஏதோ ஊர் தெரியாத சொல்லைப் போல நிற்கும். முதல் எழுத்து உயிராக இருப்பது உதவாது. எந்தச் சொல்லும் உயிரில் தொடங்கலாமே.

'எச்' என்று எழுதுவதா 'ஹெச்' என்பதா என்ற பழைய சண்டையிலும் இது ஒரு சின்ன நியாயம் சொல்கிறது. 'எச்' என்றால் நடுவில் உயிரெழுத்து கிடைக்கும். 'ஹெச்' என்றால் கிடைக்காது. 'ஜிஹெச்' என்பதைவிட 'ஜிஎச்' சுருக்கம் என்று சட்டென்று தெரியும்.

புள்ளியோடு எழுதுவது

தினத்தந்தி 'தி.மு.க.' என்று ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி வைக்கும். தினமலரில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு காற்புள்ளியும் சேரும்: 'தி.மு.க.,'. தினமணியும் இந்து தமிழ் திசையும் புள்ளியில்லாமல் 'திமுக' என்று எழுதுகின்றன. நான்கும் கொங்கு நாட்டு டீக்கடைப் பெஞ்சில் ஒன்றாகக் கிடக்கும் பத்திரிகைகள். ஆகவே வாசகருக்கு எல்லா வடிவமும் பழக்கம்தான்; எதைத் தேர்ந்தாலும் புரியாது என்ற பயம் வேண்டாம். தேர்வுக்கான காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

'தி.மு.க.', 'கொ.ம.தே.க.' போன்ற தமிழ் முதலெழுத்துச் சுருக்கங்களில் ஒவ்வொன்றும் முழு அசை. புள்ளியை எடுத்தாலும் 'திமுக', 'கொமதேக' என்று வாய்க்கு வழுக்கிக்கொண்டு வரும். மக்களும் சேர்த்தே சொல்கிறார்கள். இவற்றுக்குப் புள்ளி அவசியமில்லை. ஆங்கில எழுத்துப் பெயர்களால் ஆனவற்றுக்குத்தான் புள்ளியின் தேவை அதிகம். 'பி.டி.' என்று இரண்டு புள்ளி வைத்துவிட்டால் 'பிடி' என்ற வினை அங்கே குறுக்கிடாது.

புள்ளியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான்கு செ.மீ. அகலப் பத்தியில், அரசுப் போக்குவரத்துக் கழகத்தைக் குறிக்கும் 'டி.என்.எஸ்.டி.சி.' என்ற சுருக்கம் 7 எழுத்தும் 5 புள்ளியுமாக 12 இடம் கேட்கும். புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாவிட்டால் கணினி அதை ஒரே சொல்லாக எடுத்து, வரியை உடைக்காமல் மொத்தமாக அடுத்த வரிக்குத் தள்ளும். முந்தைய வரியில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். அதற்காக 'டி. என். எஸ். டி. சி.' என்று இடைவெளி விட்டால் 'டி. என்.' ஒரு வரியிலும் மிச்சம் அடுத்த வரியிலும் போகும். இரண்டில் முதலாவதே மேல். ஓட்டை விழுந்தால் வாக்கியத்தை மாற்றிக்கொள்ளலாம். பெயர் உடைந்தால் படிப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆள் பெயரில் மட்டும் முன்னெழுத்துகளுக்கும் பெயருக்கும் இடையே ஓர் இடைவெளி: ஜி.டி. நாயுடு.

வாக்கியத்தின் கடைசியில் சுருக்கம் வந்தால் ஒரே புள்ளி போதும். நடுவில் வரும் கடைசிப் புள்ளியை வாக்கிய முடிவு என்று வாசகர் மயங்குவார் என்ற பயத்துக்குத்தான் கூடுதல் காற்புள்ளி உதவுகிறது. ஆனால் நிஜமாகவே காற்புள்ளி வேண்டிய பட்டியலில், 'எஸ்.பி., டி.எஸ்.பி., ஆகியோர்' என்ற மாதிரி இடங்களில், எது பிரிக்கும் காற்புள்ளி, எது பெயரோடு ஒட்டியது என்று தெரியாமல் போகும். சிறிய வெளியீடுகள் இந்த வழக்கத்தைப் பின்பற்றாமலிருப்பது நல்லது.

வேற்றுமை உருபு சேரும் இடம்

ஆங்கிலப் பத்திரிகைக்காரருக்கு இல்லாத தலைவலி இது. 'ஏ.டி.எம்.' தனியாக நிற்கும்போது எந்த வடிவமும் சரிதான். 'ஏ.டி.எம்.'மோடு 'இல்' சேரும்போதுதான் பத்திரிகையின் வழக்கம் சோதனைக்கு உள்ளாகிறது. ஏ.டி.எம்.இல், ஏ.டி.எம்.மில், ஏ.டி.எம்மில், ஏடிஎம்-மில், ஏடிஎம்மில் என்று ஐந்து வடிவம் புழக்கத்தில் உண்டு.

கடைசி எழுத்துப் பெயர் உயிரில் முடிகிறதா, மெய்யில் முடிகிறதா என்று முதலில் பாருங்கள். உயிரில் முடிந்தால் உடம்படுமெய் வரும். இ, ஐ ஒலியில் முடிபவற்றுக்கு 'ய்': எஸ்.பி.யிடம், சி.பி.ஐ.யை, ஐ.டி.ஐ.யில். ஓ, யூ ஒலிக்கு 'வ்': ஆர்.டி.ஓ.விடம், ஐ.சி.யூ.வில். ஏகாரத்துக்கு இலக்கணம் இரண்டையும் அனுமதித்தாலும் வழக்கில் 'வ்'தான்: எம்.எல்.ஏ.வை. இங்கெல்லாம் புள்ளியை வைத்துக்கொண்டே உருபைச் சேர்க்கலாம். எழுத்துப் பெயர் சிதையாது. பன்மையும் அப்படியே: வி.ஏ.ஓ.க்கள், எம்.பி.க்கள்.

மெய்யில் முடிந்தால் கதை வேறு. 'ஆர்' நெடிலைத் தொடர்ந்த மெய்; அதனால் இரட்டிக்காமல் 'எஃப்.ஐ.ஆரில்' என்று உருகும். 'எல்', 'எம்', 'என்' ஆகியவை தனிக்குறிலைத் தொடர்ந்த மெய், இரட்டிக்கும்: பி.எஸ்.என்.எல்லில், ஏ.டி.எம்மில். மெய் உயிரோடு கலந்துவிட்ட பிறகு நடுவில் புள்ளி வைக்க இடமே இல்லை. 'ஏ.டி.எம்.மில்' என்று எழுதினால் புள்ளிக்கு முன்னும் ஒரு 'ம்', பின்னும் ஒரு 'மி' என்று இரட்டித்தல் இரண்டாக வெட்டுப்படும். 'எஸ்'ஸில் முடிபவை இன்னும் சங்கடம், 'எம்.பி.பி.எஸ்ஸில்' என்பது விதிப்படி சரி, பார்க்க அழகில்லை.

இதற்கு ஒரு நல்ல குறுக்கு வழி, சுருக்கத்துக்குப் பின் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்து உருபை அதன் தலையில் ஏற்றுவது: ஏ.டி.எம். மையத்தில், எம்.பி.பி.எஸ். படிப்பில், எல்.ஐ.சி. நிறுவனத்துக்கு. சுருக்கத்துக்குள்ளேயே இருக்கும் சொல்லை மறுபடி சொல்வதை ஆங்கில ஆசிரியர்கள் குற்றம் என்பார்கள். தமிழில் அந்தக் கூடுதல் சொல் உருபைச் சுமக்கிறது, எஸ்.பி.ஐ. என்பதற்குள் ஏற்கெனவே வங்கி இருக்கிறதே என்று 'எஸ்.பி.ஐ. வங்கியில்' என்பதை வெட்ட வேண்டாம்.

சிறு கோடு போட்டு 'சிபிஐ-க்கு' என்று எழுதும் வழக்கம் புள்ளியில்லாத வடிவத்தோடு சேர்ந்து வருவது. கணினியில் வசதி. ஆனால் வரி முடிவில் கோட்டோடு உடைந்து, அடுத்த வரி 'க்கு' என்று தொடங்கும். அச்சில் அது கண்ணை உறுத்தும்.

26 எழுத்து 24 ஆகும் இடம்

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் தீராத குறை ஒன்று இருக்கிறது. 'பஸ்'ஸின் முதல் எழுத்துக்கும் 'பேப்பர்' முதல் எழுத்துக்கும் தமிழில் 'பி' ஒன்றுதான். 'டாக்டர்', 'டீச்சர்' இரண்டுக்கும் 'டி'. ஆக 26 எழுத்துப் பெயர்கள் தமிழில் 24 ஆகச் சுருங்குகின்றன. 'பி.டி.' என்று எழுதினால் அதற்குப் பின்னால் நான்கு வேறு ஆங்கிலச் சேர்க்கைகள் இருக்கலாம். பட்டதாரி ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், உடற்கல்வி இயக்குநர் மூவருமே பள்ளிப் பேச்சில் 'பி.டி.' ஆகிவிடக்கூடியவர்கள். ஆசிரியர் பணியிடச் செய்தியில் இது சம்பளத்தையும் தகுதியையும் பற்றிய குழப்பம்.

கொங்கு வட்டாரச் செய்திகளில் அடிக்கடி மோதுபவற்றை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைக்கலாம். 'ஐ.டி.' என்றால் வருமான வரியா, மென்பொருளா, அடையாள அட்டையா? கோவையில் 'ஐ.டி. நிறுவனத்தில் ஐ.டி. சோதனை' என்று எழுதக்கூடிய நாள் வரத்தான் செய்யும். 'டி.ஆர்.பி.' ஆசிரியர் தேர்வு வாரியமும் ஆகும், தொலைக்காட்சிப் பார்வைக் கணக்கும் ஆகும். 'பி.பி.' ரத்த அழுத்தம்; கோர்ட்டுச் செய்தியில் அரசு வழக்கறிஞர்.

இன்னொரு வகை, ஆங்கிலத்திலேயே மோதுபவை. 'டி.டி.எஸ்.' என்றால் திருப்பூர் சாயப்பட்டறைக்காரருக்குத் தண்ணீரில் கரைந்த உப்பு. அவருடைய ஆடிட்டருக்குப் பிடித்தம் செய்த வரி. 'இ.பி.எஸ்.' சேலம் மாவட்டத்துக்காரருக்கு எடப்பாடி பழனிசாமி. ஓய்வுபெற்ற மில் தொழிலாளிக்கு 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம். 'சி.இ.ஓ.' பள்ளிச் செய்தியில் முதன்மைக் கல்வி அலுவலர். கம்பெனிச் செய்தியில் தலைமைச் செயல் அதிகாரி. ஒரே பக்கத்தில் இரண்டு பொருளும் வந்தால் ஒன்றையாவது விரித்தெழுத வேண்டும். மோதல் எழுத்தால் வந்தாலும் பொருளால் வந்தாலும் மருந்து ஒன்றுதான்: தமிழ்ப் பெயர்.

தமிழ்ப் பெயர் நீளம் என்பது பல நேரம் வெறும் பயம். 'பி.டபிள்யூ.டி.' 6 எழுத்து, 3 புள்ளி. 'பொதுப்பணித் துறை' 8 எழுத்து, ஓர் இடைவெளி. இரண்டும் 9 இடம்தான்! 'டி.என்.எஸ்.டி.சி.'யின் 12 இடத்துக்கு 'அரசு பஸ்' 6. கோட்டாட்சியர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற பெயர்கள் அலுவலகப் பலகையிலேயே இருப்பவை. புதிதாக யாரும் உருவாக்க வேண்டியதில்லை. அதே சமயம் வி.ஏ.ஓ.வை 'கிராம நிர்வாக அலுவலர்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டாம். அது எதோடும் மோதுவதில்லை, ஊரார் சொல்வதும் அதுவே.

விரித்தெழுதுவது தொல்லையாகும் இடங்களும் உண்டு. பவானிசாகர் அணை 105 அடி, 32.8 டி.எம்.சி. என்று எழுதினால் பாசன விவசாயிக்குக் கணக்கு கண்முன் நிற்கும். ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி என்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டிச் செய்தியில் சொன்னால் போதும்.

சொல்லாகிப்போன பெயர்கள்

கொடிசியா, சிட்கோ, சிப்காட், நீட். இவற்றை எழுத்தெழுத்தாக யாரும் சொல்வதில்லை. புள்ளி வேண்டாம், விரிவாக்கம் வேண்டாம், சாதாரணச் சொல்லைப் போல உருபு சேர்க்கலாம்: கொடிசியாவில், பெருந்துறை சிப்காட்டில். கொடிசியா கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கத்தின் சுருக்கம் என்பதே இன்று பலருக்கு நினைவில் இல்லை. அது ஒரு வளாகம், ஒரு சாலை. டைடல் இன்னும் வேடிக்கையான பிறவி: டிட்கோ, எல்காட் என்ற இரண்டு சுருக்கங்கள் சேர்ந்து உண்டான பெயர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒலிபெயர்ப்பு. ஜவுளி ஆராய்ச்சிக்காக 1956இல் கோவையில் தொடங்கிய சங்கம் சிட்ரா. அவினாசி சாலையில் விமான நிலையத்துப் பக்கம் அதே பெயர் 'சித்ரா' என்று பெண் பெயராகவே வழங்குகிறது. நிறுவனத்தைச் சொல்லும்போது 'சிட்ரா' என்றே எழுதுங்கள். பேருந்து நிறுத்தத்தைப் பயணிகள் சொல்கிறபடி எழுதினால் தவறில்லை.

அதைவிடச் சிக்கல் சைமா. கோவையில் 1933இல் தொடங்கிய தென்னிந்திய மில்கள் சங்கத்தைச் சைமா என்கிறார்கள். திருப்பூரில் சைமா என்றால் பனியன் உற்பத்தியாளர் சங்கம். கோவையின் பம்பு, மோட்டார்த் தொழில் சார்ந்த பொறியியல் உற்பத்தியாளர் சங்கம் சீமா. ஆங்கிலத்தில் மூன்றும் நடுவில் ஓர் எழுத்தால் தெளிவாக வேறுபடுபவை. பருத்தி விலை, நூல் விலை பற்றிய செய்தியில் கோவைச் சைமாவும் திருப்பூர்ச் சைமாவும் எதிரெதிர்க் கருத்து சொல்லக்கூடியவர்கள்: ஒருவர் நூல் விற்பவர், மற்றவர் வாங்குபவர். 'சைமா வரவேற்பு' என்ற தலைப்பு எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். ஊர்ப் பெயரோ தொழிலோ முன்னால் நிற்க வேண்டும்: 'மில்கள் சங்கம்', 'பனியன் உற்பத்தியாளர் சங்கம்'.

சில நிறுவனங்களுக்கு இரண்டு முகம். மக்கள் வாயில் பி.எஸ்.ஜி.; கலை அறிவியல் கல்லூரியின் தமிழ்ப் பெயரில் பூ.சா.கோ. இரண்டும் ஒரே பெயரின் முன்னெழுத்துகள். அழைப்பிதழ், விழா மலர் போன்றவற்றில் நிறுவனம் தன்னை எழுதிக்கொள்ளும் வடிவத்தை மாற்றக் கூடாது. விபத்து, வேலைவாய்ப்பு, மருத்துவச் செய்திகளில் பி.எஸ்.ஜி. என்பதே வாசகருக்கு உடனே பிடிபடும்.

பெரிய எழுத்திலேயே பொருள் இருந்தால்

சில இடத்தில் ஆங்கிலத்தின் பெரிய, சின்ன எழுத்து வெறும் அழகுக்காக இருப்பதில்லை. கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் ரகங்களில் 'கோ' என்பதன் முதல் எழுத்து பெரிது, இரண்டாவது சின்னது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல், தீவன ரகங்களில் இரண்டும் பெரிது. இரண்டுமே கோயம்புத்தூரைக் குறிப்பவைதாம். தமிழில் 'கோ 86032', 'கோ 51', 'கோ 4' எல்லாம் ஒரே தோற்றம். இதற்குப் புள்ளியும் வேண்டாம், எழுத்துப் பெயரும் வேண்டாம். பயிர்ப் பெயரைக் கூடவே எழுதினால் தீர்ந்தது: கோ 86032 கரும்பு, கோ 51 நெல், கோ 4 புல். விதைக் கடையிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். 'பி.டி. பருத்தி'யும் இந்த வகை; அதில் உள்ள இரண்டு எழுத்தும் ஒரு பாக்டீரியத்தின் இருசொல் பெயரிலிருந்து வந்தவை.

திருப்பூர் ஏற்றுமதியாளர் மடல்களில் வரும் வரித் திரும்பல் திட்டங்களின் ஆங்கிலச் சுருக்கங்களில் நடுவில் ஒரு சின்ன எழுத்து நிற்கும். ஆயத்த ஆடைக்கான திட்டத்தைத் தமிழில் எழுத்தெழுத்தாகப் போட்டால் 'ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல்.' என 15 இடம் போகும், படிக்கவும் முடியாது. 'மாநில, மத்திய வரித் திரும்பல்' என்று முதலில் எழுதி, பிறகு 'வரித் திரும்பல்' என்றே தொடர்வது எவ்வளவோ மேல்.

எதைத் தேர்வது

மாத மடல், வார இதழ், இணையச் செய்திப் பக்கம் எதுவானாலும் எங்கள் பரிந்துரை கலப்பு முறை. எழுத்தெழுத்தாகச் சொல்பவற்றுக்குப் புள்ளி, இடைவெளி இல்லாமல். சொல்லாகச் சொல்பவற்றுக்குப் புள்ளி இல்லை. தமிழ் முதலெழுத்துக் கட்சிப் பெயர்களுக்கும் புள்ளி இல்லை, கி.மீ., செ.மீ. போன்ற அளவுகளுக்கு உண்டு. மோதல் பட்டியலில் உள்ளவற்றுக்கு முதல் இடத்தில் தமிழ்ப் பெயர், தலைப்பிலும் தமிழ்ப் பெயர்.

பெரிய நாளிதழ்போல ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான செய்தி போடுபவருக்கு முழுக்கப் புள்ளியில்லாத முறை எளிது. யோசிக்காமல் தட்டச்சு செய்யலாம். அதைத் தேர்ந்தால் நடுவில் உயிரெழுத்து இல்லாத இருபது முப்பது சுருக்கங்களுக்கு மட்டும் விதிவிலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் புள்ளி நீக்கி உள்ளே வைப்பது அச்சில் பரவாயில்லை. இணையத்தில் ஒரே செய்திக்குள் இரண்டு வடிவம் இருந்தால் தேடுபவருக்கு ஒன்று சிக்கும், மற்றது நழுவும். குறிச்சொல்லில் இரண்டு வடிவத்தையும் சேர்த்துவிடுவது இதற்கு மாற்று.

எந்த முறையானாலும் எழுத்துப் பெயர்களை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். தகராறு வருவது ஐந்தில்தான்: எஃப் அல்லது எப், எச் அல்லது ஹெச், யூ அல்லது யு, கியூ அல்லது க்யூ, டபிள்யூ அல்லது டபிள்யு. ஒவ்வொன்றிலும் ஒன்றை முடிவு செய்து தட்டச்சு செய்பவர், பிழை திருத்துபவர், பக்கம் கட்டுபவர் மூவரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள்.

பழைய செய்திகளைப் புதிய முறைக்கு மாற்றும்போது கணினியில் ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றாதீர்கள். 'பிடி' இருக்கும் இடமெல்லாம் 'பி.டி.' என்று மாற்றச் சொன்னால் 'போலீசார் பிடித்தனர்' என்பது 'போலீசார் பி.டி.த்தனர்' ஆகும், 'சிடி'யை மாற்றினால் 'பாசிடிவ்' உடையும். நீளமான சுருக்கத்திலிருந்து தொடங்கிச் சின்னதுக்கு வாருங்கள். இரண்டெழுத்துச் சுருக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.